உயிர்த்தெழுதலும் மறுரூப வாழ்வும்

பிறந்தார் யாவரும் ஒருநாள் இறப்பர் என்பது எச்சமயத்தாரும் ஒப்பிய உண்மை. நம் தமிழ்ப் புலவர் இவ்வுண்மையை நன்குணர்ந்து, நிலையாமை என்னும் பொருளைத் திருக்குறளிலும் நாலடியாரிலும் பிற நூல்களிலும் விரித்துரைத்துள்ளனர். வள்ளுவர் சாவினை உறக்கத்திற்கும் பிறப்பினை உறங்கி விழித்தலுக்கும் ஒப்பிட்டது கற்றாரனைவரும் அறிந்ததே. கிறிஸ்தவ மக்களும் தம்முள் ஒருவர் இறந்தவிடத்து, அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றே அறிவிப்பர். கல்லறைத் தோட்டத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் செமெட்டரி என்னும் சொல்லும், உறங்குமிடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்ததாகும். உவமை ஈரிடத்தும் ஒன்றே. விழிப்பு எத்தகையது என்பதிலேதான் கருத்து வேறுபடுகின்றது. வள்ளுவர் கூறும் விழிப்பு மீண்டும் வரும் பிறவி. கிறிஸ்தவர் எதிர்நோக்கும் விழிப்போ, இறந்த அவரே இறைவனால் புதுவாழ்வுக்கு எழுப்பப்பெறும் விழிப்பு.

இந்நம்பிக்கையைப்பற்றி நம் கல்லூரி ஆண்டு மலரில் சில சொற்கள் கூற விழைகின்றோம். நம் கல்லூரியில் பயில்வோரும் பயிற்றுவோரும் பல சமயத்தினர். இந்து நண்பர்களுக்கு மறுமை பற்றிய ஆழ்ந்த சிந்தனை முன்னோர் வழிவந்த செல்வம். இசுலாமிய நண்பர்களோ, இறுதிநாளில் இறந்தோர் எழுப்பப்பெறுவர் என்பதைத் தாமும் நம்புகின்றவர்கள். ஆதலின், பிறர் கொள்கையை மறுத்து வாதம் புரிதல் எம் நோக்கமன்று. தம்மைக் கிறிஸ்தவர் என்று கூறிக்கொள்ளும் எம்போன்றாரை நோக்கியே ஒரு வினா எழுப்ப விரும்புகின்றோம். ஆண்டிற்கொருமுறை ஈஸ்டர் திருநாளிலும், உற்றார் ஒருவரை அடக்கம் செய்யும் வேளையிலும் நம் நினைவுக்கு வரும் இந்நம்பிக்கை, ஏனைய நாட்களில் நம்மிடத்து யாது செய்கின்றது? நாம் வாழும் வாழ்வைச் சற்றும் மாற்றாததொரு நம்பிக்கை, திருமறை கூறும் உயிர்த்தெழுதல் நம்பிக்கையாகாது என்பதே எம் கருத்து. அது துக்கவீட்டில் வழங்கும் ஓர் ஆறுதல் மொழியாகலாம், அதற்குமேல் ஒன்றுமன்று.

முதற்கண் இந்நம்பிக்கை இன்னதென்பதைத் தெளிவுபெற அறிதல் வேண்டும். நம்மிற் பலர், உடல் அழியும், ஆத்துமா அழியாது, அதுவே கிறிஸ்தவம் போதிப்பது என்று எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் கிரேக்க ஞானிகளுக்குப் பெரிதும் உரியது. கி.மு. 399-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நஞ்சருந்தி உயிர்துறந்த சாக்கிரட்டீசு, தம் இறுதி நாளில் ஆத்துமாவின் அழிவின்மைபற்றி நண்பரோடு உரையாடியதாக அவர் மாணாக்கர் பிளேட்டோ எழுதிவைத்தார். அவ்வுரையாடலில் உடல் ஆத்துமாவின் சிறைபோற் பேசப்படுகின்றது. சிறை திறத்தலே சாவு. நானூற்றைம்பது ஆண்டுகட்குப் பின்னர் அதே ஏதென்ஸ் நகரில் பவுல் அப்போஸ்தலர் மார்ஸ் மேடையில் நின்று பேசினார். அவர் ஒரே இறைவனைப்பற்றிக் கூறியவரையில் மக்கள் செவிசாய்த்தனர். மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்ற சொல்லைக் கேட்டவுடனே சிலர் நகைத்தனர். வேறு சிலர் பிறிதொரு நாள் கேட்போம் என்று கூறிப் போயினர். ஆத்துமா அழியாதது என்று மட்டும் அவர் கூறியிருப்பாரேல், அவருள் ஒருசாரார் அதனை எளிதின் ஏற்றிருப்பர். விட்டுத் தொலைக்கத்தக்கதென அவர்கள் எண்ணிய உடலை இறைவன் எழுப்புவான் என்பதே அவர்கட்கு நகைப்பை விளைத்தது.

திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்திலும் சரீர உயிர்த்தெழுதல் என்றே ஓதப்படுகின்றது. ஞாயிறுதோறும் இதனை வாயாற் சொல்லும் நாம், சரீரம் என்ற சொல்லின்கண் சிறிது நின்று சிந்திப்பதில்லை. இயேசு பெருமான் உயிர்த்தெழுந்த செய்தியைக் கூறும் சுவிசேஷங்களை உற்று நோக்குவோமாயின், அங்கே வெறும் ஆவித்தோற்றம் பேசப்படவில்லை. தோட்டக்காரர் என்று மகதலேனா மரியாள் மயங்குகின்றாள். எம்மாவூரில் இருவர் அவர் அப்பம் பிட்கும்போது அவரை அறிந்துகொள்கின்றனர். கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, இராமுழுதும் வலைவீசிக் களைத்த சீடரை அவர் உண்ண அழைக்கின்றார். தோமாவுக்கு அவர் காட்டியவை ஆணித்தழும்புகள். மகிமையடைந்த சரீரத்திலும் தழும்புகள் மறையவில்லை என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. நாம் இவ்வுடலிற் பட்ட பாடும், பிறர்பொருட்டு ஏற்ற வருத்தமும் இறைவன் திருமுன் பொருளற்று மறைந்துபோவன அல்ல என்பதனை அத்தழும்புகள் உணர்த்துகின்றன.

இக்கொள்கையை மிக விரிவாகப் பேசும் பகுதி, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரமாகும். அடக்க ஆராதனைகளில் அவ்வதிகாரம் படிக்கப்படுவதால் நம் செவிக்கு அது நன்கு பழகியது. ஆயினும் அஃது எவருக்கு, எதன்பொருட்டு எழுதப்பட்டது என்பதை நாம் ஆராய்வதில்லை. கொரிந்து பழம்பெருமை வாய்ந்த கிரேக்க நகரம். கி.மு. 146-இல் உரோமர் அதனை அழித்தனர். கி.மு. 44-இல் யூலியஸ் சீசரின் ஆணையால் அது மீண்டும் குடியேற்றப்பட்டது. அங்ஙனம் குடியேறினவருள் விடுதலைபெற்ற அடிமைகள் பலராவர். இரு கடல்களுக்கிடையே அமைந்த அவ்வூரில் வாணிகம் பெருகிற்று, செல்வம் குவிந்தது, செல்வத்தோடு செருக்கும் வந்தது. பவுல் ஏறக்குறைய கி.பி. 50-இல் அங்குச் சென்று, கூடாரத் தொழில் செய்து தம் கையால் உண்டு, ஒன்றரை ஆண்டு தங்கிச் சபை நிறுவினார். பின்னர் எபேசு நகரிலிருந்து, கி.பி. 54-ஐ ஒட்டி, இந்நிருபத்தை எழுதினார். ஆண்டவர் உயிர்த்தெழுந்ததை ஒப்பியும், இறந்தோர் எழுவர் என்பதை மறுத்தும் அச்சபையிற் சிலர் பேசி வந்தனர். அவர்கட்கு விடையாகவே அவ்வதிகாரம் எழுந்தது.

மரித்தோர் எத்தகைய சரீரத்தோடு வருவர் என்று கேட்பார்க்கு, பவுல் விதையைக் காட்டுகின்றார். தமிழ்நாட்டு உழவருக்கு இவ்வுவமையை விளக்கவேண்டுவதில்லை. காவிரிக் கரையிலும் தாமிரபருணிக் கரையிலும் விதைநெல்லைக் கோட்டைகட்டிக் காத்துவைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் விதைநெல்லிற் கைவைக்க உழவன் உளம் ஒருப்படான். அந்நெல்லை அவன் நீரில் ஊறவைத்து, முளைகட்டி, சேற்றில் வீசுகின்றான். நெல்லாக இருந்தது நெல்லாக நில்லாமல் மறைகின்றது. சின்னாட்களில் பசிய நாற்று எழுகின்றது. சில திங்களிற் கதிர் சாய்கின்றது. விதைத்த நெல்மணியின் உருவம் வேறு. எழுந்த பயிரின் உருவம் வேறு. எனினும் நெல் விதைத்த வயலில் நெல்லேயன்றி வரகு விளைந்தது என்று எவருங் கூறார். அழிவுள்ளதாய் விதைக்கப்படும் இச்சரீரம் அழிவற்றதாய் எழும். எழுவார் வேறொருவரல்லர், விதைக்கப்பட்ட அவரே. ஆயினும் அவர் பழைய நிலையில் இரார். தொடர்ச்சியும் மாற்றமும் ஒருங்கே அமைந்த இந்நிலையையே பவுல் விதையிற் கண்டு காட்டுகின்றார்.

இனி, எம் கருத்துக்கு உயிர்நாடியாகிய செய்திக்கு வருவோம். அந்நிருபத்தின் ஏனைய அதிகாரங்களை 15-ஆம் அதிகாரத்தோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். 6-ஆம் அதிகாரத்தில் ஒழுக்கக்கேட்டைக் கண்டிக்கும் அப்போஸ்தலர், அதற்குக் காட்டும் காரணங்களுள் ஒன்று, ஆண்டவரை எழுப்பிய இறைவன் நம்மையும் எழுப்புவான் என்பதே. எழுப்பப்படவிருக்கும் உடலை இழிவாக நடத்தலாகாது என்பது அவர் துணிபு. 11-ஆம் அதிகாரத்தில், சபை ஒன்றுகூடி உண்ணும் விருந்தில், ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் குடித்து வெறித்திருந்த கொடுமையைச் சாடுகின்றார். வசதியுள்ளோர் முந்தி உண்டனர். இல்லாதவர் வெட்கமடைந்து நின்றனர். ஆண்டவரின் திருவிருந்து என்ற பெயரில் நிகழ்ந்தது பேதங்காட்டும் பந்தி. இத்தகைய பந்தியில் அமர்ந்திருந்தவர்கள்தாம் உயிர்த்தெழுதலைப்பற்றி ஐயுற்றவர்களும் என்பதை எண்ணிப்பார்க்க.

அதனினும் வியப்பானது 15-ஆம் அதிகாரத்தின் முடிவு. சாவின் கூர் ஒடிந்தது, பாதாளம் தோற்றது என்று வெற்றி முழக்கம் செய்த அப்போஸ்தலர், அம்முழக்கத்தை விண்ணிலே விட்டுவிடவில்லை. ஆதலால் நீங்கள் உறுதியாய் நின்று ஆண்டவருடைய பணியிற் பெருகுங்கள், உங்கள் உழைப்பு வீண்போகாது என்னும் கருத்தோடு அதிகாரத்தை முடிக்கின்றார். அடுத்த வரி யாது? எருசலேமிலுள்ள ஏழைகளுக்காகப் பணம் சேர்ப்பதைப்பற்றியது! வாரத்தின் முதல்நாளில் அவரவர் தம் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்க வேண்டும் என்று ஏற்பாடு கூறுகின்றார். வாரத்தின் முதல்நாள் ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள். கல்லறையண்டை படிப்பவர் 15-ஆம் அதிகாரத்தோடு நூலை மூடிவிடுகின்றனர். பவுலோ எழுதுகோலைக் கீழே வைக்காமல் ஏழையின் கஞ்சிக்கலத்தை நோக்கித் திரும்பினார். அப்போஸ்தலருடைய நடபடிகளின் 4-ஆம் அதிகாரத்திலும் இதே வரிசையைக் காண்கின்றோம். அப்போஸ்தலர் ஆண்டவரின் உயிர்த்தெழுதலுக்கு மிகுந்த வல்லமையோடு சான்று பகர்ந்தனர் என்று கூறியதை அடுத்து, அவர்களுள் குறைவுற்றவன் ஒருவனுமில்லை என்று அந்நூல் கூறுகின்றது.

உயிர்த்தெழுதல் இறுதிநாளில் நிகழ்வது. எனினும் அதன் தொடக்கம் இவ்வுலகிலேயே நிகழ்கின்றது. நம் திருச்சபைகளிற் பெருவழக்கிலுள்ள பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் மறுரூபம் என்னும் அரிய சொல் எடுத்தாளப்பட்டுள்ளது. மலையின்மேல் ஆண்டவர் ஒளிவடிவாய்த் தோன்றியதை அது மறுரூபம் என்கின்றது. உரோமருக்கு எழுதிய நிருபத்தில் மனம் புதிதாவதால் விசுவாசி அடையும் மாற்றத்திற்கும் அச்சொல்லே வருகின்றது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், ஆண்டவரின் மகிமையைக் கண்ணாடியிற்போற் கண்டு நாளுக்குநாள் அச்சாயலாக மாறுவதற்கும் அச்சொல்லே. இம்மூன்றிடத்தும் கிரேக்க மூலத்திலும் ஒரே வினைச்சொல் அமைந்துள்ளது. கடைசி எக்காளம் தொனிக்கும்போது நாம் அடையும் மாற்றத்தைக் கூறுமிடத்து மூலத்தில் வேறொரு சொல் இருப்பினும், நம் மொழிபெயர்ப்பாளர் அங்கும் மறுரூபம் என்றே எழுதினர். அவர் செய்தது பொருத்தமே என்பது எம் எண்ணம். மலைமேல் ஒளிர்ந்ததும், இன்று நம் மனத்தில் நிகழவேண்டுவதும், இறுதிநாளில் நிறைவுறுவதும் ஒரே அருட்செயலின் பகுதிகள் அல்லவோ?

இவ்வாறு மாறிய மாந்தர் இருந்தனரா என வினவுவார்க்கு வரலாறு விடை தருகின்றது. ஏறக்குறைய கி.பி. 112-இல் பித்தினியா நாட்டு ஆளுநராயிருந்த பிளினி என்னும் உரோமர், கிறிஸ்தவர்களை விசாரித்துத் தம் பேரரசர் திராயனுக்கு ஒரு கடிதம் விடுத்தார். அவர் கிறிஸ்தவர்க்கு நண்பரல்லர். இரு பணிப்பெண்களை வதைத்துச் செய்தி அறிந்தவர். அவர் கண்டறிந்தது யாது? அம்மக்கள் குறித்ததொரு நாளில் வைகறையிற் கூடிக் கிறிஸ்துவைத் துதித்துப் பாடினர். களவு செய்யோம், பிறன்மனை நயவோம், சொன்ன சொல் தவறோம், நம்மிடம் ஒப்புவித்த பொருளைத் திருப்பிக் கேட்குங்கால் இல்லையென்று மறுக்கோம் என்று தமக்குள் உறுதிசெய்து கொண்டனர். அவ்வளவே. அடைக்கலப் பொருளை மறுக்காத நேர்மைதான் அவர்களிடம் அவர் கண்ட குற்றம்போலும்!

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் உரோமப் பேரரசெங்கும் கொள்ளைநோய் பரவியது. அலெக்சாந்திரியா நகரத்து அத்தியட்சர் தியோனீசியு எழுதிய கடிதமொன்றை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்துத் தந்துள்ளார். நோயுற்றோரை வீதியில் எறிந்து ஓடினார் பலர் இருந்த அந்நாளில், சகோதரர் பலர் அச்சமின்றி நோயாளரைப் பேணி, அந்நோயைத் தாமேற்று இறந்தனர் என்று அக்கடிதம் கூறுகின்றது. அதே காலத்தில் கார்த்தேசு நகரத்து அத்தியட்சராயிருந்து, பின்னர் கி.பி. 258-இல் இரத்தசாட்சியாக இறந்த சிப்பிரியானும், நோயாளருக்கு ஊழியம் புரியத் தம் மக்களை ஏவினார். நான்காம் நூற்றாண்டில் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் யூலியன் பெயரால் வழங்கும் ஒரு கடிதமும் உளது. அந்நியரை ஆதரித்தலும் இறந்தோரை அக்கறையோடு அடக்கஞ்செய்தலும் அச்சமயம் பரவக் காரணங்களாயின என்றும், அவர்கள் தம் ஏழைகளையன்றி நம் ஏழைகளையும் போற்றுகின்றனர் என்றும் அக்கடிதம் வருந்துகின்றது. சாவுக்கு அஞ்சாதவனே சாகின்றவன் அருகில் அமரமுடியும். அவர்களை நோயாளியின் பாயருகே இருத்தியது உயிர்த்தெழுதல் நம்பிக்கை.

இவ்விடத்து ஒரு தடை எழும். மறுமையைப்பற்றிய நம்பிக்கை மக்களைச் சோம்பராக்கும். இவ்வுலகத்து அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் செய்யும் என்று பலர் கூறியுள்ளனர். கார்ல் மார்க்ஸ் 1844-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் சமயத்தை அபினிக்கு ஒப்பிட்டதை நம் மாணவர் அறிவர். இத்தடையை நாம் எள்ளி ஒதுக்கலாகாது. அமெரிக்க நாட்டிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அடிமைகளை ஆண்டோர், மேலுலகில் உனக்கு இன்பமுண்டு, இங்கே எசமானுக்கு அடங்கியிரு என்று போதிக்கச் செய்தது உண்மையே. அங்ஙனம் போதிக்கப்பட்டது உயிர்த்தெழுதல் அன்று. அதன் பெயரைத் திருடிக்கொண்ட வேறொன்று. சோம்பரைக் குறித்தோவெனில், விடை திருமறையிலேயே உளது. தெசலோனிக்கே நகரத்துச் சபையார், ஆண்டவர் விரைவில் வருவார் என்ற எண்ணத்தில் இருந்தனர். அவருட் சிலர் வேலையின்றித் திரிந்தனர். அமைதியாயிருந்து உங்கள் கைகளால் உழையுங்கள் என்னும் கருத்தை அவர்கட்கு எழுதினார் பவுல். உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் வேண்டா என்ற அளவுக்கு அவர்கட்கு எழுதிய இரண்டாம் நிருபம் கடுமையாகப் பேசுகின்றது.

ஆயினும், பிறநாட்டார் குற்றத்தைச் சுட்டிக்காட்டி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. நம் தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றிலும் கொரிந்துப் பந்தி உண்டு. சாதிக்கோர் இடமாகப் பிரிந்து ஆலயத்தில் அமரும் வழக்கம் பல சபைகளில் நெடுநாள் நிலவியது. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், திருச்சபைக்குள் சாதிபேதம் கூடாதென்று தென்னாட்டுச் சபைகளுக்குக் கடிதம் விடுத்தார். திருவிருந்திற்கூட வேற்றுமை பாராட்டியதை அவர் விலக்கினார். அதனைப் பொறாமல் சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டு விலகினர். ஒரே அப்பத்தில் பங்குபெறுதல் சிலர்க்கு அத்துணை அரிதாயிற்று! இன்றும் சில ஊர்களிற் கல்லறைத் தோட்டத்தில் சாதிபற்றிய பிரிவினை நிலவுதல் மறைக்கத்தக்கதன்று. இறந்தபின்னும் இன்னாரோடு இன்னார் படுத்தலாகாது என்று ஒரு சுவர் அங்கே நிற்கின்றது. ஒரே எக்காளத் தொனிக்குச் செவிகொடுத்து ஒருங்கே எழக் காத்திருப்பதாகப் பாடுவோர், எழும்போது அச்சுவரை என்ன செய்யக் கருதியிருக்கின்றனரோ, யாம் அறியோம். அத்தகைய கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எழுதப்பட்டுள்ள உயிர்த்தெழுதல் வசனத்தை, அதனுள்ளே எழுப்பப்பட்ட சுவர் மறுத்துரைக்கின்றது என்று கூறுதல் மிகையாகாது.

கல்லறைச் சுவர் ஒருநாளில் எழுந்ததன்று. அது முதலில் நாவில் எழுகின்றது. நம் விடுதிகளிலும் கல்லூரிகளிலும், வயதால் தந்தையையொத்த துப்புரவுப் பணியாளரை ஒருமையில் விளிக்கும் இளைஞர் இலரோ? பேராசிரியரிடம் வாங்க, போங்க என்று பணிவோடு பேசும் அதே நாவு, தாழ்வாரம் பெருக்கும் முதியவரிடம் வா, போ என்கின்றது. அவர் பெயரை மூன்றாண்டு பயின்றும் அறியாமலே பட்டம்பெற்றுச் செல்வாரும் உளர். யாமும் மாணவராயிருந்தக்கால் இப்பிழைக்கு உட்பட்டிருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். மாலை ஜெபத்தில் உயிர்த்தெழுதலைப் பாடி வெளிவந்து, வாயிலில் விளக்கோடு நின்ற காவற்காரரை ஒருமையில் ஏவிய நாட்கள் எமக்கு நினைவுண்டு. அவரும் மகிமையின் சரீரத்தோடு எழவிருப்பவர் என்ற எண்ணம் எமக்கு அன்று தோன்றவேயில்லை. இவ்வெண்ணம் மெய்யாகவே உள்ளத்திற் புகுமாயின், நாம் காணும் எந்த மனிதரையும் அற்பமாக நோக்குதல் இயலுமோ?

மறுரூபம் இத்தகைய சிறு காரியங்களிலேயே தொடங்குகின்றது. தேர்வுக்கூடத்திற் கண்காணிப்பார் புறங்காட்டிய வேளையிலும் அயலான் தாளை நோக்காதிருத்தல். நூலகத்திலிருந்து எடுத்த நூலை ஏடு கிழியாமல் திருப்பிக்கொடுத்தல். கடன்வாங்கிய சிறுதொகையை நினைந்து தீர்த்தல். உடன்பயிலும் பெண்டிரைப்பற்றிப் பண்பின்றிப் பேசாதிருத்தல். பகைத்தவனிடம் தானே முதற்சென்று பேசுதல்: இவை யாவும் பிளினி கண்ட பித்தினியா மக்களின் உறுதிமொழிக்கு உறவான செயல்கள். இவற்றைப் பெரியதொரு சமயத் தத்துவத்தோடு சேர்த்துக் கூறுவதேன் என்று சிலர் எண்ணலாம். விதையிலிருந்து முதலில் வெளிவருவது கதிரன்று. கண்ணுக்குப் புலப்படாத வேரே. அஃது இருளில், சேற்றில், ஒருவர் பாராட்டுமின்றி இறங்குகின்றது. வேர் பிடித்தாலன்றிக் கதிர் இல்லை.

இம்மாற்றம் நம் முயற்சியால் மட்டும் விளைவதன்று என்பதனையும் கூறவேண்டும். ஒழுக்க விதிகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் காத்து மறுவாரம் கைவிட்ட அனுபவம் நம்மில் எவர்க்கில்லை? பவுல் கண்ணாடியின் உவமையைக் கூறியது இதன்பொருட்டே. அக்காலத்துக் கண்ணாடி மெருகிட்ட உலோகத் தகடு. அதன் முன்னே ஒளி நின்றால் அது ஒளியைக் காட்டும். இருள் நின்றால் இருளைக் காட்டும். அது தானே ஒளியைப் பிறப்பிப்பதன்று. அதன் கடமை ஒளியை நோக்கித் திரும்பியிருத்தலும், மாசு படியாமல் துலக்கப்பெறுதலும். ஆண்டவரை நோக்கித் திரும்பியிருக்கும் உள்ளத்தில் ஆவியானவர் அவர் சாயலைப் பதிக்கின்றார். நெற்பயிரைத் தன் கையாற் பிடித்திழுத்து உயர்த்த எந்த உழவனாலும் முடியாது. ஆயினும், உழாமலும் நீர்பாய்ச்சாமலும் களைபறியாமலும் இருக்க எந்த உழவனும் துணியான். அருளும் முயற்சியும் இங்ஙனமே இயைந்து நிற்கின்றன.

துயருற்றிருக்கும் அன்பர்க்கும் ஒரு சொல். இந்நம்பிக்கை கண்ணீரைத் தடைசெய்வதன்று. லாசருவை எழுப்பச் சென்ற ஆண்டவரே அவன் கல்லறையண்டை கண்ணீர்விட்டார். சற்றுநேரத்தில் அவன் எழுவான் என்று அறிந்திருந்தும் அவர் அழுதார். ஆதலின், கிறிஸ்தவர் அழலாகாது, அழுவது விசுவாசக்குறைவு என்று துக்கவீட்டில் உபதேசம் செய்வோர் தம் ஆண்டவரினும் மிக்க விசுவாசம் உடையரோ என்று வினவத் தோன்றுகின்றது. பெற்ற மகனை இழந்த தாயின் அருகில் வாய்பேசாது அமர்ந்து அவளோடு அழுபவனே, தக்க காலத்தில் அவளுக்கு உயிர்த்தெழுதலைப்பற்றிச் சொல்லும் உரிமை பெறுவான். அழுதபின் அவ்வீட்டாருக்கு ஒரு வேளை உணவு கொண்டுபோதலும், கைவிடப்பட்ட அவள் பேரக்குழந்தையின் கல்விக்கு வழிதேடுதலும் அந்நம்பிக்கையை அவளுக்கு விளங்கச் செய்யும். பவுல் எழுதிய 15-ஆம் அதிகாரத்தை அவள் செவியாற் கேட்டாள். 16-ஆம் அதிகாரத்தை அவள் கண்ணாற் காணட்டும்.

ஈஸ்டர் நாள் வைகறையில், இருள் முற்றும் பிரியாத வேளையில், கையில் மெழுகுவர்த்தி ஏந்திக் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று ஆராதனை செய்யும் வழக்கம் நம் நாட்டிற் சில சபைகளில் உண்டு. முன்னோர் துயிலும் இடத்தில் நின்று பாடுகையில் கிழக்கு வெளுக்கின்றது. பெயர்பொறித்த கற்கள் ஒவ்வொன்றாய்ப் புலனாகின்றன. அவ்வேளையில் உள்ளம் நெகிழாதார் இலர். ஆயின், விடிந்தபின் நாம் அனைவரும் வீடு திரும்புகின்றோம். மெழுகுவர்த்தி அணைக்கப்படுகின்றது, புத்தாடையும் விருந்தும் வருகின்றன, மறுநாள் பழைய நாளே. அன்று காலை அவ்விடத்தில் சொன்னதை மெய்யாக்கும் வேலை வாயிலைக் கடந்தபின்னரே தொடங்குகின்றது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். வெறுங்கல்லறையைக் கண்ட பெண்டிரும் அங்கேயே நின்றுவிடவில்லை. ஓடிச்சென்று பிறர்க்கு அறிவித்தனர்.

ஆதலின், மாணவ நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, இக்கல்லூரியை விட்டுச் சென்று பல துறைகளிற் பணிபுரியும் பழைய மாணவர்களே! உங்களிடம் யாம் வேண்டுவது பெரியதொன்றன்று. இறுதிநாளில் எழுவோம் என்று நம்பும் நாம், இன்று ஒரு காரியத்தில் எழுவோமாக. பேசாதிருந்தவரோடு பேசுவோமாக, திருப்பாதிருந்த கடனைத் திருப்புவோமாக, பெயரறியாத பணியாளரின் பெயரை அறிந்து, அவரை மரியாதையோடு அழைப்போமாக, நம் ஊர்க் கல்லறையில் பிரிவினைச் சுவர் ஒன்று இருக்குமாயின், அதனை நீக்கவேண்டுமெனச் சபைக்கூட்டத்தில் எழுந்து நின்று கூறுவோமாக. அங்ஙனம் எழுந்து நிற்கும் ஒவ்வொருவரும், தாம் நம்புவதன் முதற்பலனைத் தம் வாழ்நாளிலேயே காண்பர். விதைநெல்லைக் கோட்டையிலேயே வைத்திருப்போன் அறுவடையைப் பற்றிப் பேசுதல் வீண். மழை பெய்துவிட்டது, வயலும் நம் எதிரே கிடக்கின்றது, விதைப்போமாக.